பிடிக்காத சப்போர்ட் ப்ராஜெக்ட்ல போட்டுட்டாங்க, அதுல இருந்து ரிலீஸ் எப்படிக் கேக்கணும்?

விருதுநகர் பையன்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிக்க மட்டும்தான் செஞ்சேன், இன்னைக்குத்தான் எழுதுறேன். கொஞ்சம் நீளமாப் போயிரும், பொறுத்துக்கோங்க.

நான் பி.காம் முடிச்சிட்டு ஒரு பெரிய கன்சல்டிங் கம்பெனில சேர்ந்து எட்டு மாசம் ஆகுது. எஸ்ஏபிங்குற சாஃப்ட்வேர்ல ஃபைகோ, அதாவது கணக்குப் பகுதில மூணு மாசம் ட்ரெயினிங் குடுத்தாங்க. ஜிஎல், ஏபி, ஏஆர், அசெட் அக்கவுண்டிங் எல்லாம் சொல்லிக் குடுத்தாங்க, எனக்கு அது நிஜமாவே பிடிச்சது, ஏன்னா காலேஜ்ல நோட்டுல போட்ட ஜர்னல் என்ட்ரியெல்லாம் சிஸ்டத்துல ஓடுறதப் பாக்குறப்ப ஒரு சந்தோசம். பேட்ச்ல மூணாவது ரேங்க் வந்தேன். புதுசா சிஸ்டம் அமைக்கிற இம்ப்ளிமென்டேசன்ல போடுவாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், யாருக்கு எந்த ப்ராஜெக்ட்னு ஒதுக்குற ஆர்எம்ஜில இருந்து மெயில், திங்கக்கிழமை இந்த ப்ராஜெக்ட்ல ரிப்போர்ட் பண்ணுன்னு, அவ்வளவுதான்.

க்ளையன்ட் இங்கிலாந்துல ஒரு ரீடெயில் கம்பெனி. எனக்குக் குடுத்தது எல்1 பேட்ச் மானிட்டரிங், அதாவது ராத்திரி தானா ஓடுற ஜாப் ஓடுதா நிக்குதான்னு மட்டும் பாக்குற முதல் மட்ட வேல, நைட் ஷிஃப்ட். அவங்க ஊர்ல கடையெல்லாம் மூடுன பிறகு ஜாப் ஓட ஆரம்பிக்கும், நமக்கு அது ராத்திரி ஒண்ணரை ரெண்டு மணி. எஸ்ஏபில ஜாப் லிஸ்ட் காட்டுற எஸ்எம் 37 ஸ்க்ரீனத் திறந்து வச்சுக்கிட்டு பத்து நிமிசத்துக்கு ஒரு தடவ ரெஃப்ரெஷ் பண்ணணும். ஏதாவது கேன்சல் ஆயிருந்தா லாக்கக் காப்பி பண்ணி சர்வீஸ்நவ்ல டிக்கெட் போடணும், டாக்குமென்ட்ல ரீஸ்டார்ட் பண்ணுன்னு இருந்தா ரீஸ்டார்ட், இல்லன்னா ஆன் கால்ல இருக்க ஆளத் தூக்கத்துல இருந்து எழுப்பணும். எதுக்குக் கேன்சல் ஆச்சுன்னு நான் பாக்கக் கூடாது, அது அடுத்த மட்டமான எல்2 டீம் வேல, எனக்கு அக்சஸும் கிடையாது. அஞ்சு மாசமா இதத்தான் பண்றேன்.

காலைல ஏழு மணிக்கு கேப் என்னைய மேடவாக்கத்துல இறக்கி விடும். ரூம்ல மத்த மூணு பேரும் அப்பத்தான் ஆபீஸ் கெளம்புவாங்க, குக்கர் சத்தம், பாத்ரூம் சத்தம். ஈரத்துண்ட கண்ணு மேல போட்டுப் படுப்பேன், பன்னெண்டு மணிக்கு மேல வெக்கைல தூக்கம் போயிரும். ஆறு கிலோ குறைஞ்சிட்டேன், வயிறும் சரியில்ல. அம்மா போன்ல ராத்திரி முழிக்காதய்யான்னு சொல்லும்போது என்ன பதில் சொல்றதுன்னே தெரியல.

டெலிவரி மேனேஜர்ட்ட ரெண்டு தடவ கேட்டுட்டேன். முதல் தடவ நெக்ஸ்ட் க்வார்ட்டர் பாக்கலாம்னாரு. ரெண்டாவது தடவ, எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிச்சோம்னாரு. சர்வீஸ் அக்ரிமென்ட் ரெண்டு வருசத்துக்கு இருக்கு, முன்னாடி போனா ஒரு லட்சம் கட்டணும். அப்பா சிவகாசில ஒரு அச்சாபீஸ்ல பைண்டிங் செக்சன்ல இருக்காரு, அந்தக் காச அவர்ட்ட கேக்க என்னால முடியாது.

இப்ப என் கேள்வி. ரிலீஸ் யார்ட்ட கேக்கணும், எப்படிக் கேக்கணும்? ஹெச்ஆர்ட்ட போகலாமா? கேட்டா ரேட்டிங்ல கை வச்சிருவாங்களா? இல்ல பேசாம பேப்பர் போட்டுட்டு வேற கம்பெனி பாக்கவா? இந்த வேலைலயே ரெண்டு வருசம் போச்சுன்னா அப்புறம் ஃபைகோ கன்சல்டன்ட்னு என்னைய யாரும் எடுக்க மாட்டாங்கன்னுதான் பயமா இருக்கு.

சோழிங்கநல்லூர் அக்கா:

தம்பி, நான் இந்த ஃபீல்டுக்கு வந்து பதினாலு வருசம் ஆச்சு, இப்ப நானே பத்து பேர் டீம் பாக்குறேன், அதனால ரெண்டு பக்கமும் தெரியும்.

மொதல்ல உங்க மேனேஜர் ஏன் நகர மாட்டேங்குறாருன்னு புரிஞ்சுக்கோங்க, அது புரியாம எத்தன தடவ கேட்டாலும் அதே நெக்ஸ்ட் க்வார்ட்டர்தான். அவருக்கு உங்க மேல கோவம் ஒண்ணும் இருக்காது. நீங்க பில்லபிள் ஆளு. உங்க சீட்டுக்கு க்ளையன்ட் மாசாமாசம் பணம் குடுக்குறான். உங்கள விட்டா புது ஆள் எடுக்கணும், அவனுக்கு பேக்ரவுண்ட் செக் முடியணும், க்ளையன்ட் சைடு ஐடி வரணும், விபிஎன் வரணும், இதுக்கே சில வாரம் ஓடிரும். அப்புறம் ரெண்டு மூணு வாரம் உங்க பக்கத்துல உக்காந்து ஷேடோ பண்ணுவான், அந்த நாளுக்கு பெரும்பாலும் க்ளையன்ட் காசு தர மாட்டான். நடுவுல ஒரு பி1, அதாவது ரொம்ப அவசர டிக்கெட் மிஸ் ஆச்சுன்னா, க்ளையன்ட்டுக்கு வாக்குக் குடுத்த எஸ்எல்ஏ போச்சு, மேனேஜர்தான் க்ளையன்ட் முன்னாடி பதில் சொல்லணும். இத்தனையும் அவர் தலைல போட்டுட்டு எனக்குப் பிடிக்கலன்னு ஒரு வார்த்த சொன்னா அவர் எப்படி சரின்னு சொல்லுவாரு?

என் கதையச் சொல்றேன். 2011ல சேர்ந்தேன். டெஸ்டிங்ல போட்டாங்க. டெஸ்டிங்னா ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வேர்ட்ல ஒட்டுற வேல, ஒரு நாளைக்கு நாப்பது ஸ்க்ரிப்ட். ஏழு மாசம். மேனேஜர்ட்ட மூணு தடவ கேட்டேன், ஒரு தடவ பேன்ட்ரில நின்னு அழுதேன். ஒண்ணும் நடக்கல. கடைசில பக்கத்து டீம் லீட் ஒருத்தர் என்கிட்ட ஒரே கேள்வி கேட்டாரு, நீ போனா உன் சீட்டுல யாரும்மா உக்காருவான்னு. எனக்குப் பதில் தெரியல. அன்னைக்கு ராத்திரி பூரா அதையே யோசிச்சேன்.

அடுத்த வாரத்துல இருந்து ஆள் தேடினேன். எனக்கு அடுத்த பேட்ச்ல ஒரு பொண்ணு ப்ராஜெக்ட் இல்லாம பெஞ்ச்ல இருந்தா, அவளுக்கு டெஸ்டிங்தான் வேணும், ஆட்டோமேசன் பக்கம் போகணும்னு ஆச. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல மூணு வாரம் அவளுக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தேன். எந்த ஸ்க்ரிப்ட்ல எங்க தப்பு வரும், க்ளையன்ட்ல யார் எந்த மெயிலுக்குக் கோவப்படுவாங்க, இந்த மாதிரி எழுத்துல இல்லாத விசயமெல்லாம் ஒரு ஷீட்ல எழுதிக் குடுத்தேன். அதுக்கப்புறம் மேனேஜர்ட்ட போயி நான் பேசினது வேற. எனக்கு இந்த வேல பிடிக்கலன்னு சொல்லவே இல்ல. "சார், இன்ன பொண்ணு பெஞ்ச்ல இருக்காங்க, வேலையச் சொல்லிக் குடுக்குற கேட்டிய முடிச்சிட்டேன், நாளைலருந்து அவங்க பண்ணட்டும் நான் பக்கத்துல உக்காந்து பாக்குறேன், நாலு வாரம் ஓவர்லேப் வச்சுக்கலாம், அதுல ஏதாவது தப்பாச்சுன்னா நான் எங்கயும் போகல, தப்பில்லன்னா இன்ன தேதிக்கு என்னைய விடுங்க" அப்படின்னேன். அஞ்சு வாரத்துல ரிலீஸ் மெயில் வந்துருச்சு. அதே மேனேஜர்தான்.

அடுத்தது நேரம். இப்ப அக்டோபர். உங்க க்ளையன்ட் ரீடெயில்னா நவம்பர்ல ப்ளாக் ஃப்ரைடே, அப்புறம் கிறிஸ்மஸ், மறுநாளே பாக்ஸிங் டே சேல், ஜனவரி முதல் வாரம் வரைக்கும் அவங்களுக்கு ஃப்ரீஸ் இருக்கும். சிஸ்டத்துல ஒரு மாத்தமும் பண்ண விடமாட்டாங்க, டீம்ல ஆள் மாத்துறதுக்கும் ஒத்துக்க மாட்டாங்க. அந்த நேரத்துல ரிலீஸ்னு போய் நின்னா, போற ஆளுன்னு ஒரு பேர் விழுறதுதான் மிச்சம். க்ளையன்ட்டோட போட்ட வேல ஒப்பந்தம், அந்த எஸ்ஓடபிள்யூ எப்ப ரினியூ ஆகுதுன்னு விசாரிங்க, டீம் லீடுக்குத் தெரிஞ்சிருக்கும். ரினியூவல் சமயத்துலதான் எத்தன பேரு, யார் யாருன்னு மறுபடி உக்காந்து பேசுவாங்க. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி உங்க பேர ரிலீஸ் ப்ளான்ல போட வைக்கிறதுதான் சரியான இடம்.

இன்னொண்ணு, இத நீங்க நம்பணும். நீங்க பாக்குற எஸ்எம் 37லயே உங்க ஃபைகோ இருக்கு தம்பி. கேன்சல் ஆகுற ஜாப்போட ப்ரோகிராம் பேர என்னைக்காவது பாத்தீங்களா? எஸ்ஏபிஎஃப் 124னு இருந்தா அது ஆட்டோமேட்டிக் க்ளியரிங், ஜிஆர்ஐஆர் அக்கவுண்ட்ல சரக்கு வந்த ரசீதையும் வெண்டார் பில்லையும் ஜோடி சேத்து அடிக்கிறது அதுதான். எஃப் 110 ஜாப் நின்னுச்சுன்னா அன்னைக்கு வெண்டார்களுக்குப் பேமென்ட் போகல. மாசக் கடைசில ஏஎஃப்ஏபி ஓடுனா அது டிப்ரிசியேசன். போஸ்டிங் பீரியட் திறக்கலங்குற எரர் வந்தா ஓபி 52 ஸ்க்ரீன்ல யாரோ அந்த மாசக் கணக்குக்கான பீரியட் திறக்க மறந்துட்டாங்கன்னு அர்த்தம். ஒரு நோட்டுப் போடுங்க, தேதி, ஜாப் பேர், எதுக்கு நின்னுச்சு, எல்2 என்ன பண்ணிச் சரி பண்ணாங்க. அக்சஸ் இல்லன்னா பரவால்ல, டிக்கெட் க்ளோஸ் பண்ணும்போது எல்2 எழுதுற நோட்ஸ நீங்க படிக்கலாம்ல. மூணு மன்த் எண்ட் இப்படி எழுதிட்டு இன்டர்வியூல உக்காந்தீங்கன்னா, ட்ரெயினிங் மட்டும் முடிச்சிட்டு வந்தவன் உங்க கிட்ட நிக்க முடியாது. நான் ஆள் எடுக்கும்போது மாசக் கணக்கு முடிக்கிற க்ளோசிங்ல என்னென்ன ஒடையும்னு கேப்பேன், இம்ப்ளிமென்டேசன் பண்ணினேன்னு சொல்ற பாதிப் பேருக்கு அதுக்குப் பதில் வராது.

பெஞ்சு பாத்தவன்:

அக்கா சொன்னது அத்தனையும் கரெக்ட். நான் இதுக்கு நேர் எதிரா பண்ணி அனுபவிச்சவன், அதையும் கேட்டுக்கோ தம்பி.

நான் சேர்ந்த பத்தாவது மாசம் மேனேஜருக்குத் தெரியாம ஆர்எம்ஜிக்கு மெயில் போட்டேன், என் ஸ்கில்லுக்கும் இந்த ப்ராஜெக்டுக்கும் சம்பந்தமில்லன்னு. ஹெச்ஆரையும் சிசில போட்டேன். அவங்க அந்த மெயில அப்படியே மேனேஜருக்கு ஃபார்வேர்டு பண்ணி உங்க கமென்ட்ஸ் ப்ளீஸ்னு கேட்டுட்டாங்க. ஒரே வாரத்துல ரிலீஸ் பண்ணிட்டாரு, கேட்டி கூட எங்கிட்ட வாங்கல. எனக்கு அன்னைக்கு அவ்வளவு சந்தோசம்.

அப்புறம் எழுபத்தி ரெண்டு நாள் பெஞ்ச். தினம் போய் லாகின் பண்ணி உக்காரணும், கால் வருமான்னு போனையே பாக்கணும். மூணு ப்ராஜெக்ட் இன்டர்னல் இன்டர்வியூ நடந்துச்சு, மூணுலயும் பழைய மேனேஜர்ட்ட ஒரு வார்த்த கேட்டிருக்காங்க. கடைசில வேற ஊர்ல ஒரு ப்ராஜெக்ட், வரலன்னா வேல போயிரும்னு சொல்ல முடியாம சொன்னாங்க, போனேன். போய்ப் பாத்தா அதுவும் எல்1தான். வருசக் கடைசில அப்ரைசல், பத்து மாசம் அந்தப் பழைய மேனேஜர் கீழ இருந்ததால அவர் எழுதுனதுதான் ரேட்டிங். சம்பள ஹைக் இல்ல.

அவர் கெட்டவரும் இல்ல, இப்ப நெனச்சா புரியுது. தன் டீம் பையன் தன்னைத் தாண்டிப் போயி மேல எழுதிட்டான்னா யாருக்குத்தான் வலிக்காது. எதுவா இருந்தாலும் மேனேஜர்ட்ட நேர்ல சொல்லிட்டுச் செய். உன் அப்ரைசல் எழுதப்போற கை யாரோடதுன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் மெயில் அடி.

விருதுநகர் பையன்:

அக்கா, அண்ணே, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. எஸ்ஏபிஎஃப் 124 நேத்து ராத்திரி கூட நின்னுச்சு, நான் பாட்டுக்கு டிக்கெட் போட்டுட்டுப் போயிட்டேன், அது ஜிஆர்ஐஆர் க்ளியரிங்னு இப்பத்தான் தெரியுது. எங்க டீம்ல என் இடத்துக்கு வர யாரு ஒத்துக்குவாங்கன்னுதான் தெரியல. நைட் ஷிஃப்ட்டுக்கு யாருக்கா வருவாங்க?

முன்னாள் ஆர்எம்ஜி:

நைட் ஷிஃப்ட்டுக்கு ஆள் வருவாங்க தம்பி, கண்டிப்பா வருவாங்க. நான் ஆறு வருசம் அலோகேசன் டெஸ்க்ல உக்காந்திருந்தேன். ஷிஃப்ட் அலவன்ஸுக்காக நைட் கேக்குறவங்க இருக்காங்க, பகல்ல கோர்ஸ் படிக்கிறவங்க இருக்காங்க, அம்பது நாளா பெஞ்ச்ல இருந்து எந்த சீட்டா இருந்தாலும் பரவால்லன்னு தவிக்கிறவங்க இருக்காங்க. ஒருத்தருக்கு வேணாத சீட்டு இன்னொருத்தருக்கு உயிர் மாதிரி. உங்க பேட்ச் வாட்ஸப் குரூப்ல கேட்டுப் பாருங்க.

ஆனா நான் எழுத வந்தது வேற. நீங்க ரெண்டு விசயத்த ஒண்ணாப் போட்டுக் கேக்குறீங்க. ஒண்ணு உடம்பு, இன்னொண்ணு வேலையோட தன்மை. உடம்புக்கு ரிலீஸ் வரைக்கும் காத்திருக்கக் கூடாது. ஆறு கிலோ குறைஞ்சிருக்கு, வயிறு சரியில்லன்னு எழுதியிருக்கீங்க, இந்த வாரமே ஒரு டாக்டரப் போய்ப் பாருங்க. டாக்டர் நைட் ஷிஃப்ட் வேண்டாம்னு எழுதிக் குடுத்தா அத மேனேஜர்ட்டயும் ஹெச்ஆர்ட்டயும் குடுத்து ஷிஃப்ட் ரொட்டேசன் மட்டும் கேளுங்க. இதுக்கு ஹெச்ஆர்ட்ட போறதுல ஒரு தப்பும் இல்ல, இது ஹெல்த். அதே ப்ராஜெக்ட்ல பகல் ஷிஃப்ட்ல மெயிலுக்குப் பதில் சொல்ற வேல, ரிப்போர்ட் அனுப்புற வேல இருக்கும். மேனேஜருக்கும் ஆள இழக்கிறத விட ஷிஃப்ட்ட மாத்துறது ஈசி. ஆனா பொய் சர்டிஃபிகேட் மட்டும் வாங்காதீங்க, எங்க டெஸ்க்குக்கு வாரத்துக்கு நாலு வரும், பாத்தவுடனே தெரிஞ்சிரும், அதால நிஜமாவே முடியாம வர்றவங்களையும் யாரும் நம்பாம போயிட்டாங்க.

ரெண்டாவது, உங்க ஸ்கில் ப்ரொஃபைல இன்னைக்கே திறந்து பாருங்க. அஞ்சு மாசமா இந்த ப்ராஜெக்ட்ல இருக்குறதால ப்ரைமரி ஸ்கில்னு ப்ரொடக்சன் சப்போர்ட்னு யாராவது மாத்தி வச்சிருப்பாங்க. அலோகேசன் டெஸ்க்ல இருக்குறவங்களுக்கு உங்க முகம் தெரியாது, மூணாவது ரேங்க்னும் தெரியாது. ஸ்க்ரீன்ல ஃபில்டர் போடுவோம், ஃபைகோன்னு போட்டா உங்க பேர் வரலன்னா நீங்க அங்க இல்ல, அவ்வளவுதான். ட்ரெயினிங் ஸ்கோர், சர்டிஃபிகேசன் இருந்தா அது, எல்லாத்தையும் ஏத்துங்க.

மூணாவது, இன்டர்னல் மூவ்மென்ட் பாலிசியப் படிங்க. பல கம்பெனில ஒரு ப்ராஜெக்ட்ல பன்னெண்டு மாசமோ பதினெட்டு மாசமோ முடிச்சா நீங்களே இன்டர்னல் போஸ்டிங்ல அப்ளை பண்ணலாம், மேனேஜர் இத்தன நாளுக்குள்ள விட்டே ஆகணும்னு இருக்கும். உங்க கம்பெனில எத்தன மாசம்னு பாருங்க. எங்க போகணும்னும் இப்பவே முடிவு பண்ணுங்க, வெறும் "வேற ப்ராஜெக்ட்"னு கேட்டா எவ்வளவு மோசமான சீட்டும் வேற ப்ராஜெக்ட்தான். எஸ்ஏபியோட பழைய வெர்ஷன் ஈசிசிக்கு 2027 கடைசியோட மெயின்ஸ்ட்ரீம் மெயின்டெனன்ஸ் முடியுது, அதனால புது வெர்ஷன் எஸ்4 ஹானாவுக்கு மாத்துற வேல எல்லா இடத்துலயும் ஓடிட்டு இருக்கு. அதுல டேட்டா மைக்ரேசன், கணக்கு ஒத்துப் போகுதான்னு பாக்குற ரீகன்சிலியேசன் பக்கம் ஜூனியர்ஸ் நெறைய வேணும், கணக்கு தெரிஞ்ச பி.காம் பையனுக்கு அது நல்ல வாசல். அந்த ப்ராஜெக்ட் மேனேஜர்ல ஒருத்தர் உங்களக் கேக்கணும். கேக்குற இடம் ஒண்ணு ரெடியா இருந்து, விடுற இடத்துல மாத்து ஆளும் ரெடியா இருந்தா, நடுவுல பெஞ்ச் வராது.

கோர்ட்டு ரோடு:

பாண்ட், அதாவது அந்த ரெண்டு வருச சர்வீஸ் அக்ரிமென்ட் பத்தி யாரும் சொல்லல, அதனால சொல்றேன். நான் லேபர் பக்கம் ப்ராக்டிஸ் பண்றேன்.

பாண்டெல்லாம் செல்லாது, தைரியமா போன்னு வாட்ஸப்ல வர்றத நம்பிப் பேப்பர் போட்டுராதீங்க. 1872ஆம் வருசத்து ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவு தொழில் செய்யுறதத் தடுக்குற ஒப்பந்தம் செல்லாதுன்னு சொல்றது நிஜம். ஆனா 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட் ஒரு பொதுத்துறை வங்கி கேஸ்ல, மூணு வருசம் வேல பாக்கணும் இல்லன்னா 2 லட்சம் கட்டணும்ங்குற ஷரத்து செல்லும்னு சொல்லிருச்சு. வேலைல இருக்குற காலத்துக்குப் போடுற கட்டுப்பாடு 27ல வராதுன்னு சொன்னாங்க. அது வங்கியோட ஆள் எடுக்குற செலவு, நடைமுறை எல்லாத்தையும் பாத்துச் சொன்னது, உங்க தனியார் கம்பெனிக்கு அப்படியே பொருந்துமான்னு உங்க அக்ரிமென்ட்டப் பாத்தாத்தான் சொல்ல முடியும். அதே சட்டத்தோட 74ஆம் பிரிவுப்படி எழுதியிருக்குற தொகை உச்ச வரம்புதான், நியாயமான இழப்பீடுதான் கேக்க முடியும்னு வாதாட இடம் இருக்கு. ஆனா ஒரு லட்சத்துக்காகக் கோர்ட்டுக்கு அலையுற நெலமைல நீங்க இல்ல. அக்ரிமென்ட் காப்பி கைல இருக்கான்னு பாருங்க, இல்லன்னா ஹெச்ஆர்ட்ட மெயில்ல கேட்டு வாங்கி வைங்க. ஒரிஜினல் சர்டிஃபிகேட்ட யார் கேட்டாலும் குடுக்காதீங்க.

விருதுநகர் பையன்:

எல்லாருக்கும் வணக்கம், ஆறு வாரம் ஆச்சு, என்ன நடந்துச்சுன்னு சொல்லாம இருக்கக் கூடாதுன்னு எழுதுறேன்.

டாக்டரப் பாத்தேன். அல்சர் ஆரம்பிக்குற மாதிரி இருக்குன்னு மருந்து குடுத்து, நைட் வேண்டாம்னு எழுதியும் குடுத்தாரு. மேனேஜர்ட்ட நேர்ல குடுத்தேன், ரிலீஸ் பத்தி அன்னைக்கு வாயே திறக்கல. அவர் படிச்சிட்டு கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் ஏன்ப்பா இத முன்னாடியே சொல்லலன்னாரு. ரெண்டு வாரத்துல மதிய ஷிஃப்ட்டுக்கு மாத்திட்டாங்க. இப்ப ராத்திரி தூங்குறேன், ரெண்டு கிலோ ஏறியிருக்கேன்.

ப்ரொஃபைல்ல ஆர்எம்ஜி அண்ணன் சொன்ன மாதிரியேதான் ப்ரொடக்சன் சப்போர்ட்னு இருந்துச்சு, மாத்திட்டேன். பேட்ச் குரூப்ல கேட்டேன், மதுரைப் பையன் ஒருத்தன் சிஏ இன்டர் எழுதிட்டு இருக்கான், பகல்ல படிக்கணும் நைட் வேலதான் வேணும்னான். எனக்கு நம்பவே முடியல. என் பழைய சீட்டுக்கு இப்ப அவன்தான் ஷேடோ.

ரிலீஸ் இன்னும் வரல. ஃப்ரீஸ் முடியட்டும், ஜனவரி கடைசில பேசலாம்னு மேனேஜர் சொல்லியிருக்காரு, அக்கா சொன்ன மாதிரி எஸ்ஓடபிள்யூ மார்ச்ல ரினியூ ஆகுது. நான் மெயில்லயும் ஒரு வரி போட்டுட்டேன், ஜனவரி 27 மீட்டிங்னு காலண்டர்ல ஏத்திட்டாரு.

நோட்டு ரெண்டு மன்த் எண்ட் முடிஞ்சு முப்பத்தி ஒரு பக்கம் வந்துருக்கு. அக்கா, ஒரு சந்தேகம். போன மாசம் ஏஎஃப்ஏபி ரெண்டு கம்பெனி கோடுக்கு ஓடுச்சு, ஒண்ணுக்கு எரர்ல நின்னுச்சு, எல்2 நோட்ஸ்ல காஸ்ட் சென்டர் லாக்டுன்னு மட்டும் இருக்கு. அசெட் மாஸ்டர்ல இருக்குற காஸ்ட் சென்டர் லாக் ஆனா டிப்ரிசியேசன் மொத்தமா நின்னுருமா, இல்ல அந்த ஒரு அசெட்டுக்கு மட்டுமா?